காசியிலும் பழனியிலும் சத்திரம் கண்டவர்களே, ஒன்பதாம் மாதத்துக்கும் ஒரு சத்திரம் வேண்டும்

நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகப் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், அந்தந்த ஊர் நகரத்தார் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று வெளியூரில் இருந்துகொண்டு திருவிழாவுக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்களில் ஒருத்தி இல்லை. ஆனால் உங்கள் ஊர்க்காரி. காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் வேண்டாம், "நர்சம்மா" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அதுவே போதும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கும் ரத்த வங்கியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில், ஏழைக் கர்ப்பிணிகள் தங்க ஒரு சத்திரம் வேண்டும். பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரமும், பிள்ளை பெற்ற பிறகு பத்துப் பதினைந்து நாளும் அங்கே இருக்க வேண்டும். மூத்த பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து தங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த மடலின் உயிர். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மாசி மாதம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு அந்தப் பக்கம் கரி மூட்டம் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் புகையவிடுவார்கள். பூசிய மண்ணில் எங்கேயாவது வெடிப்பு விட்டால் காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும். அதனால் ராவும் பகலும் ஒருவர் கண் மூடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பத்தோடு தார்ப்பாய் கட்டி மூட்டத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள்.

அங்கே ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம். வயது இருபத்து மூன்று இருக்கும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, நடுவில் ஒன்று கலைந்துபோயிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்த்தால் 7.8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராம் இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் உயிர் ஆபத்து, அதற்கு இவள் ஒரு கிராம்கூடத் தள்ளி இல்லை. "நீ வலி வர்ற வரைக்கும் இங்க இருக்கக் கூடாது தாயி, முன்னாடியே வந்து படுத்துரு" என்று சொன்னேன். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைக் காட்டி, "நான் வந்து படுத்துட்டா இவள யாரு பார்ப்பா நர்சம்மா? அவரு மூட்டத்தப் பார்ப்பாரா, இவளப் பார்ப்பாரா?" என்றாள். ஆஸ்பத்திரி வார்டில் பெரியவர்கள் ஒருவர் கூட இருக்கலாம், நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வலி வந்தது நடுச்சாமத்தில். 108 வண்டி கண்மாய்க்கரை வரைக்கும்தான் வர முடிந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் கரைக்குத் தூக்கி வந்தார்கள். வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு ரத்தப்போக்கு. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலும் நல்ல ரத்தம் உள்ள பெண் தாங்கிக்கொள்வாள். இவளுக்குப் போவதற்கு என்ன இருந்தது? நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி டாக்டர்கள் அவளைக் காப்பாற்றினார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆண் குழந்தை, 1 கிலோ 900 கிராம். பத்து நாளாவது இருந்து எடை ஏறிய பிறகுதான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மகள் அங்கே மூட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறாளே!

சேதி தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஒன்பதாம் நாள். மத்தியான வெயில், தார்ப்பாய்க்குள் அனலடிக்கிறது. பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. காலையில் இருந்து பால் இழுக்கவில்லை என்றாள். துணியை விலக்கிப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு ஒட்டிக் கட்டி, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். மறுநாள் போய்விட்டது.

இத்தனை வருடமும் இதை நினைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார்கள், வண்டி வந்தது, ரத்தம் கிடைத்தது. இல்லாதது ஒரு திண்ணை. அந்த நாலு வயதுப் பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போட ஒரு திண்ணை இருந்திருந்தால் அவள் மூன்று வாரம் முன்னதாகவே வந்திருப்பாள், பதினைந்து நாள் கழித்துத்தான் போயிருப்பாள்.

அரசாங்கம் செய்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்கிறது, அதில் முக்கால் ஆயுளைக் கழித்தவள் நான், குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008-ல் 108 வந்த பிறகு எத்தனை உயிர் பிழைத்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நான் வேலையில் சேர்ந்தபோது இப்படி ஒரு கணக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்வில்தான் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை என்றும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வாசலுக்கு வருகிற உடம்பில் ரத்தம் இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதி உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு வருகிறது. அந்த அம்மா 1886-ல் பிறந்தது பக்கத்துப் புதுக்கோட்டையில்தான் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத நாளில்லை. ஆனால் தவணைப் பணம் வர, கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கும் பிக்மி எண் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊரோடு இருக்கிறவர்களுக்கு இது ஒரு மாத அலைச்சல். கரி மூட்டம், செங்கல் சூளை, அரிசி ஆலைக் களம் என்று மூன்று மாதத்துக்கு ஓர் இடமாகப் போகிறவளுக்கு? அவள் பெயர் சொந்த ஊர் நர்ஸின் பதிவேட்டில் இருக்கும், ஆள் இங்கே இருப்பாள். அந்த நர்ஸுக்கு அவள் எங்கே என்று தெரியாது, இந்த நர்ஸுக்கு அவள் இருப்பதே தெரியாது. நானே தெரியாமல் விட்டிருக்கிறேன்.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை 180 கொடுக்கிறோம். புதுவயல் பக்கம் ஒரு பெண் வீட்டில் கூரைக் கீற்றில் பட்டை பட்டையாகச் செருகி வைத்திருந்ததைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. "வெறும் வயித்துல போட்டா குமட்டுதும்மா. காலைல அஞ்சு மணிக்குக் களத்துக்குப் போறேன், டீதான் குடிக்கிறேன். சோறு பதினொரு மணிக்கு" என்றாள். டீயோடு மாத்திரையைப் போட்டால் சத்து உடம்பில் சேராது என்பதை அவளுக்குச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு ராத்திரி போடு என்றேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன சாப்பாடு என்று பார்த்த பிறகு, அவளிடம் கத்தியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. சோறும் ரசமும். மாத்திரை வேலை செய்யச் சாப்பாடு வேண்டும். ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம், அதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பல தடவை வர வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போகும். இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிடுவார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

என் அம்மா பள்ளத்தூரில் ஒரு வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தவர். என்னை வயிற்றில் சுமந்த காலத்தில் அந்த வீட்டு ஆச்சி அம்மாவைக் குனிந்து வேலை செய்யவிடவில்லையாம். மத்தியானம் இரண்டாங்கட்டில் உட்காரவைத்து முருங்கைக்கீரையும் பருப்பும் போட்டுச் சோறு வைத்து, "வாயும் வயிறுமா இருக்கிறவ, மிச்சம் வைக்காம சாப்பிடு" என்று பக்கத்திலேயே நிற்பாராம். நான் பிறந்த பிறகு உளுந்தங்களியும் பூண்டுக் குழம்பும் அந்த வீட்டில் இருந்துதான் தூக்கில் வந்தது. அம்மா சாகிற வரைக்கும் இந்தக் கதையைச் சொல்வார். அந்த ஆச்சி எந்தத் திட்டமும் படித்தவர் இல்லை. தன் வீட்டு வளவுக்குள் வந்த கர்ப்பிணிக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. முகப்பில் புறா இருக்கிறது. வேலைக்கு வந்த பெண்களுக்கு இருந்த அந்த ஒரு வேளைச் சோறும் வீட்டோடு சேர்ந்து போய்விட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைகள் போவார்கள். ஆனால் ஓர் ஊரில் எழுபது எண்பது வீடு பூட்டிக்கொண்டால் அந்த ஊரின் ஏழைக் கர்ப்பிணியின் தட்டில் என்ன குறைகிறது என்பதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும்.

சத்திரம் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். வழிப்போக்கருக்கு இடமும் சோறும் கொடுப்பதில் உங்களைப் போல அனுபவம் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. காசியில் நகரச் சத்திரம் வைத்து, தினமும் விசுவநாதருக்குப் பூசைப் பொருள்களை எடுத்துச் செல்லும் சம்போ முறையைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடத்துகிறீர்கள். இராமேசுவரத்தில், பழனியில் நகர விடுதி இருக்கிறது. குன்றக்குடியில் இருந்து தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும்போது எந்த ஊரில் யார் சோறு போடுவது, எங்கே படுப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஒரு நாள் பிசகாமல் நடத்துகிறீர்கள். குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று புள்ளிக் கணக்கு எழுதி வரி வாங்கி, வியாபாரத்தில் தர்மத்துக்கு மகமை ஒதுக்கி, கடைசிக் காசு வரைக்கும் கணக்கு வைப்பவர்கள். ஒரு கர்ப்பிணி எந்த வாரத்தில் வர வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும், யார் சமைக்க வேண்டும் என்பதும் அதே மாதிரியான வேலைதான். வேறு யாரிடமும் இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வள்ளல் அழகப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ல் சென்னைக் கூட்டம் ஒன்றில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். வள்ளல் அங்கேயே ஒப்புக்கொண்டு அந்த வருடமே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும் ஊரறிந்த கதை. அன்றைக்குக் கேட்ட அந்தத் துணைவேந்தர் தொழிலால் மகப்பேறு மருத்துவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

சரி, எப்படி நடத்துவது? நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கேட்கவில்லை. பங்கு பிரியாத வீட்டைத் திறக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், அதில் எத்தனை பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நகரத்தாருக்குப் பொதுவான கட்டடங்கள் இருக்கின்றன. விடுதி, மண்டபம், பிள்ளைகள் சேராமல் நின்றுபோன பள்ளிக்கூடம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தவிர வருடத்தில் பாதி நாள் சும்மா இருக்கும் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எட்டுக் கட்டில் போதும். கொசுவலை, வெந்நீர், உள்ளேயே கழிப்பறை, ராத்திரி ஒரு விளக்கு. காவலுக்கு ஓர் ஆள், சமையலுக்கு இரண்டு பெண்கள். பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்தால் நடுச்சாமத்திலும் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மலைப்பகுதிகளில் அரசாங்கமே இப்படிப் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறது. மலைக்குப் பாதை இல்லை என்பதால் அங்கே வைத்தார்கள். இங்கே பாதை இருக்கிறது, ஆனால் ரத்தம் இல்லாத பெண்ணுக்கு ஒரு கண்மாய்க்கரையே மலைதான்.

சாப்பாட்டுக்கு ஒன்றும் புதிதாகத் தேட வேண்டாம். கேழ்வரகு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, வேர்க்கடலை, கருப்பட்டி. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டும். முட்டை அவசியம். நகரக் கட்டடத்துக்குள் முட்டை சமைப்பதில்லை என்றால் அந்த முறையை மதிக்கிறேன். வெளியே தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். டீ மட்டும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான். கவுனி அரிசி கொஞ்சம் கிடைத்தால் வாரம் ஒரு நாள் போடுங்கள். அது சத்துக்காக மட்டும் கேட்பதில்லை. வீட்டு விசேஷத்தில் பரிமாறித்தான் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தங்க முடியாதவர்களுக்கும் அந்தச் சமையலறை உதவும். ஆறாம் மாதம், ஏழாம் மாதத்தில் இரும்புச்சத்து ஊசிக்கு வருகிற நாளில் மத்தியானச் சாப்பாடும் அன்றைய கூலியில் ஒரு பகுதியும் கிடைக்கும் என்றால், ஒருத்தியும் பாதியில் நிற்க மாட்டாள். மூத்த பிள்ளைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் சொல்லி இடம் வாங்க முடியும், அந்தப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் தொடாமல் இருப்பது, எடை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைப்பது, இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்தப் பக்கம் இருக்கிறோம். கூலி வேண்டாம்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்கிறேன். ஒரு நாள் மருத்துவ முகாம் வேண்டாம். முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து, "உனக்குக் கம்மி" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். மனது நல்ல மனதுதான். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அந்தப் பந்தல் செலவில் பத்துக் கர்ப்பிணிக்கு ஒரு மாதம் சோறு போடலாம்.

ஆச்சிமார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. கமிட்டியில் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் வாடகைக் கணக்கு, பூட்டு, வரி என்று பேசுவார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் உங்களில் ஒவ்வொருவரும் பிள்ளை பெற்று, பேத்தி பேறுகாலத்துக்கு மருந்து இடித்து, நாற்பது நாள் கூடவே இருந்தவர்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒருத்தி மண் தரையில் இருந்து கையூன்றி எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் உட்கார வேண்டும்.

என்ன சாதி, எந்த ஊர் என்று வாசலில் கேட்கக் கூடாது. இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்று பயந்து எழுதுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் ஓட்டு இல்லாதவர்கள், சொந்தக்காரர் இல்லாதவர்கள். கையில் தாய்சேய் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயிற்றைப் பார்த்து உள்ளே விட வேண்டும். அட்டையை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு நீங்கள் ஊருக்கு வருவீர்கள். அதற்குள் இந்தப் பக்கத்துச் சூளைகளிலும் களங்களிலும் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மாதம், யாருக்கு ரத்தம் எவ்வளவு என்று இப்போது வேலையில் இருக்கும் செவிலியர்களோடு நடந்து எண்ணி வைக்கிறேன். நீங்கள் எந்த மண்டபத்தில் கூடினாலும் அந்த நோட்டோடு வருகிறேன். மூட்டம் போடுகிறவர்கள் தை கடைசியில் வந்து தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் எட்டுக் கட்டில் போட ஓர் இடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
காரைக்குடி